நான்கு மணிப் பட்டியல்

அலெக்சாண்டர் இறந்த பிறகு நாற்பத்தொரு மணி நேரம் ஃபேராக இருந்தார். அந்தச் சொல்லை அவர் பெயருக்கு நேரே எழுதியவள் நான். மூன்று முறை ஜன்னலில் வாசித்தவளும் நான்தான்.

1944 மார்ச். காக்ஸ் டவுனுக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டி இருந்த அம்மை ஆஸ்பத்திரியில் எனக்குக் குமாஸ்தா வேலை. ரசாயனத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஆய்வுக்கூட வேலைக்குத்தான் மனுப் போட்டிருந்தேன். யுத்தம் முடியும்வரை ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்க உத்தரவில்லை என்றார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதால் பட்டியல் எழுதச் சொன்னார்கள். எழுத்து வேலையில் பேச வேண்டியிருக்காது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். எழுதியதை நானே வாசிக்கவும் வேண்டும் என்பது முதல் நாள்தான் தெரிந்தது.

நோயாளிகளை உறவினர்கள் பார்க்க முடியாது. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கேட்டருகே இருந்த கம்பிவலை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். வார்டிலிருந்து சிஸ்டர் கேத்தரின் பென்சிலால் எழுதி அனுப்பும் தாளை நான் மையில் ஃபேர் காப்பி எடுத்து, பெயர் பெயராக வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொல். குட், ஃபேர், புவர், சீரியஸ். இந்த நான்கைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது, எதையும் விளக்கக் கூடாது என்பது சூப்பரின்டென்டென்ட் அனந்தபத்மநாபனின் உத்தரவு. புவர் என்றோ சீரியஸ் என்றோ வந்தால் பாதிரியாரையோ மௌல்வியையோ பத்து நிமிஷம் உள்ளே அனுமதிப்பார்கள். ஃபேர் என்றால் அனுமதி இல்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரம் அவரிடம் ஃபேர் என்றால் சரியாக என்ன என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"பிழைப்பான்னும் சொல்லலை, மாட்டான்னும் சொல்லலை. நமக்கு சௌகரியமான வார்த்தை" என்றார்.

கல்லூரியில் அலகு குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தை மேஜையிலிருந்து கீழே தள்ளுவார். இந்தச் சொல்லுக்கு அலகே இல்லை. ஆபீஸ் சுவரில் பழைய டாக்டர் ஒருவர் விட்டுப்போன பித்தளை வானிலைமானி இருந்தது. வெளியே மழை கொட்டும்போதும் அதன் முள் ஃபேரில் நின்றது. அந்தத் தை மாதம் என் அப்பா மைசூர் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் என் நிறத்தைப் பற்றி அதே சொல்லை எழுதியிருந்தார். அவர்கள் வந்து பார்த்தார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை.

இறந்தவர்களுக்குத் தனி விதி இருந்தது. ஜனவரியில் மாரியப்பா என்ற பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருந்தார்கள். ஒருவர் இறந்ததை ஜன்னலில் சொன்னபோது மற்றவர் வீட்டார் அழுதுகொண்டே போய்த் தலை மொட்டையடித்துக் காரியமும் செய்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அந்த மாரியப்பா உயிரோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் வீட்டு வாசலில் போய் இறங்கினார். பெரிய கலாட்டா. அதிலிருந்து, சூப்பரின்டென்டென்ட் தானே உடலைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யார் இறந்ததையும் வெளியே சொல்லக் கூடாது. அதுவரை முந்தைய சொல்லே நிற்கும். அவர் ஊரில் இருந்தவரை அதனால் ஒரு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நண்பகலில் அவர் அம்மை குத்தும் முகாமுக்காகக் கோலார் போனார். புதன் மாலை வருவதாகச் சொன்னார்.

செவ்வாய் மூன்றரைக்கு சிஸ்டரின் தாள் வந்தது. பத்தொன்பதாம் எண், அலெக்சாண்டர், தபால் ஆபீஸ், வயது முப்பத்தாறு. நேரே ஒரு சொல்லும் இல்லை. ஓரத்தில் சின்னதாக 3.10 என்று இருந்தது. காலைத் தாளில் அவர் ஃபேர்.

கம்பவுண்டர் நோயலிடம் காட்டினேன்.

"திடீர்னு மூச்சு முட்டிச்சு மிஸ். பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு" என்றார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "ரூல் தெரியுமில்ல? காலைல இன்னா இருந்திச்சோ அதையே போடுங்க."

போட்டேன். மை காய ஒற்றுத்தாளையும் வைத்தேன்.

நான்கு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல அலெக்சாண்டரின் தங்கை பிரிஜெட் முதலில் நின்றாள். ஜீவனஹள்ளியில் வீடு. பட்டாளத்துச் சட்டைகள் தைக்கிறவள். விரல் நுனிகளில் காக்கி நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அன்று பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அவர்கள் கோயில் பாதிரியார் பெர்னார்ட் சாமியாரும் இருந்தார்.

"சாமியாரையும் கூட்டினு வந்துட்டேன் மிஸ். காலைலேர்ந்து மனசு பேஜாரா இருக்கு. அண்ணனுக்கு அவஸ்தை பூசிட்டாருன்னா எங்கம்மா கொஞ்சம் கஞ்சி குடிக்கும். மூணு நாளா பட்டினி."

சாமியாரின் கையில் தீப்பெட்டி அளவு வெள்ளிச் சிமிழ் இருந்தது. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெய் அதில்.

நான் பட்டியலைப் பார்த்தேன். "பத்தொன்பது. ஃபேர்."

"சத்தமா மிஸ்!" என்றார் பின்னால் ஒருவர். தினமும் யாராவது அப்படிச் சொல்வார்கள். என் குரல் கம்பிவலையைத் தாண்டாது.

"ஃபேர்" என்றேன் இன்னொரு முறை.

"ஃபேர்னா என்னை உள்ளே விடமாட்டாங்க பிரிஜெட்" என்றார் சாமியார். "நல்ல சேதிதானே. பூசுறதுக்கு அவசியமே இல்லைன்னு அர்த்தம்." சிமிழை அங்கியின் பையில் போட்டுக்கொண்டார்.

பிரிஜெட் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொறந்ததுலேர்ந்து எங்கண்ணன் அண்டாக் கரி. ஸ்கூல்ல பட்டப்பேரே நிலக்கரி. இங்க வந்துதான் ஃபேர் ஆயிட்டான்!"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரிப்பு அபூர்வம். சாமியார் சைக்கிளில் ஏறிப் போனார். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இருபதாம் எண்ணை வாசித்தேன்.

புதன் காலை அவள் தனியாக வந்தாள்.

"ஏதாச்சும் சாப்ட்டானா மிஸ்?"

"அது பட்டியலில் இல்லை."

"சரி, இன்னா போட்டிருக்கு?"

"ஃபேர்."

"அது போதும்."

அன்று மதியம் நோயல் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் கத்தோலிக்கர். நான் எதையும் யோசிக்காமல்தான் கேட்டேன். இறந்தவருக்கு அந்த எண்ணெயைப் பூச முடியாதா என்று.

"உசுரு போனதும் பூசலாம் மிஸ். ஒரு மணி, ரெண்டு மணிக்குள்ள. ஆத்மா உடனே பிரிஞ்சுடுமா இல்லையான்னு யாருக்குத் தெரியும், அதனால சாமியாருங்க பூசுவாங்க. ரொம்ப நேரம் ஆயிடிச்சின்னா இல்ல."

நான்கிலிருந்து மூன்று பத்தைக் கழித்தேன். ஐம்பது நிமிஷம். கழித்தல் கணக்கில் நான் தவறு செய்வதில்லை. இருந்தும் இன்னொரு முறை கழித்துப் பார்த்தேன்.

எனக்கு அந்த எண்ணெயில் நம்பிக்கை இல்லை. அது எதுவும் செய்யாது என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் அது என்னுடையது இல்லை. ஜீவனஹள்ளியில் சாப்பிடாமல் இருந்த ஒரு கிழவியுடையது.

நோயல் என் முகத்தைப் பார்த்தார். சாமியார் வந்துபோனது அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க இன்னா பண்ணுவீங்க? ரூல்" என்றார். துடைத்த துணியை மடித்தபடி, "பெரியவரு எப்பவும் தான் பாடியைப் பாக்குற தேதியைத்தான் சர்ட்டிபிகேட்ல போடுவாரு. செவ்வாய்க்கிழமைன்னு எங்கயும் வராது. உங்க மேல ஒண்ணும் வராது மிஸ்" என்றார்.

"கேத்தரின் சிஸ்டரின் தாள்?"

"பென்சில்தானே. சாயங்காலம் அடுப்புக்குப் போயிடும்."

தாள்களை அடுப்புக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று.

நான்கு மணிக்கு மூன்றாம் முறை வாசித்தேன். பிரிஜெட் புதுப்புடவையில் வந்திருந்தாள். அம்மா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். மூன்று நாளாக நின்றிருந்த தன் தையலையும் மறுபடி எடுத்துவிட்டாளாம்.

"தொடர்ந்து ஃபேர், ஃபேர், ஃபேர். எப்ப மிஸ் குட் வரும்?"

இருபதாம் எண்ணை வாசித்தேன்.

மாலை கோலாரிலிருந்து டெலிபோன் வந்தது. மோட்டார் கெட்டுவிட்டது, காலையில்தான் வருவேன் என்றார் சூப்பரின்டென்டென்ட். சவ அறையில் பனிக்கட்டி போதவில்லை என்று சிஸ்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். இன்னும் இரண்டு பாளம் வாங்கச் சொன்னார். ஜன்னலில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது.

செவ்வாய், புதன் இரண்டு நாள் தாள்களையும் சேர்த்து அடுப்புக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமைத் தாளை மட்டும் நான்காக மடித்து என் டிபன் டப்பாவின் அடியில் வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

வியாழன் காலை எட்டு மணி. சூப்பரின்டென்டென்டின் மோட்டார் ஹொசகோட்டையைத் தாண்டிவிட்டதாகத் தகவல். வந்தால் அரை மணியில் உடலைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். இன்று காலை இறந்தார் என்று பத்து மணிக்குப் பிரிஜெட்டை மறுபடி ஜன்னலுக்கு அழைத்து நான் வாசிக்கலாம். அது கையெழுத்துள்ள தாளில் இருக்கும்.

ஃபேர் காப்பி என் முன்னால் இருந்தது. பத்தொன்பதுக்கு நேரே அதே சொல். என் கையெழுத்து உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பதினாறு, குட். பதினேழு, புவர். ஒரு பெண் பதினேழு என்றதும் ஓடினாள், யாரையோ அழைத்து வர. பதினெட்டு, குட்.

பிரிஜெட் வலைக்கு வந்தாள். கையில் துணிப்பொட்டலம்.

"அவனோட சட்டையும் சவரக்கத்தியும் மிஸ். உள்ள குடுப்பீங்களா? தாடியோட கிடந்தா அவனுக்கு அரிப்பு தாங்காது. எங்கம்மா ஸ்டவ்ல கறி வெச்சிருக்கு, இன்னிக்கு நாளைக்கு வுட்டுடுவாங்கன்னு." பொட்டலத்தை வலைக்குக் கீழே இருந்த சந்தில் தள்ளினாள். "படிங்க. நம்மளுதுதானே அடுத்தது?"

சவரக்கத்தியின் பிடி துணிக்கு வெளியே தெரிந்தது. சந்தனக் கட்டையில் செதுக்கியது. தேய்ந்திருந்தது.

கடிகாரத்தில் எட்டு பத்து. பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன். டிபன் டப்பாவிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தேன். அதைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். கைகளுக்கு ஏதாவது தேவைப்பட்டது.

ஆபீஸ் உள்ளிருந்து நோயல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேண்டாம் என்று.

சொன்னேன்.

"இன்னா மிஸ்?" என்றாள் பிரிஜெட். வலையில் காதை வைத்தாள்.

"கேக்கல மிஸ்! சத்தமா சொல்லுங்க!" என்றார்கள் பின்னால்.

எழுந்து நின்றேன். அந்த நாற்காலியிலிருந்து வாசிக்கும்போது நான் எழுந்ததே இல்லை.

"உங்க அண்ணன் செவ்வாய்க்கிழமை செத்துப்போயிட்டார். மூணு பத்துக்கு. நீங்க சாமியாரோட இங்க வந்து நின்னப்போ அம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஃபேர்னு படிச்சேன்."