முதுகுக்கு வெயில்

எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கொதித்தது. இரண்டு கோப்பை டீ போட்டு ஒன்றை மேசையில் வைத்தான், மற்றதைக் குழாயடியில் நின்றபடியே குடித்தான். ரொட்டியை ஒன்றும் தடவாமல் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முந்தாநாள் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தான். பரவாயில்லை. போட்டுக்கொண்டான்.

அத்தை தன் அறையிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் டீ குடித்தாள். தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"மாப்பிள்ளை, அவ கடைசியா என்ன சொன்னா?"

"டீ ஆறுது அத்தை."

"இதையா சொன்னா?"

"இது நான் சொல்றது."

அவள் என்றால் அத்தையின் மகள், மாப்பிள்ளையின் மனைவி. போன மழைக்காலத்தில் வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஒரு நரம்பு என்றார்கள். அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, படியிறங்கிக்கொண்டே மேலே பார்த்து எதையோ கத்திவிட்டுப் போனாள். அதுதான் கடைசி. கேட்டது மாப்பிள்ளை ஒருவன்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். இவன் தலையை மட்டும் ஆட்டினான். அவர்களே ஆளுக்கொன்றைக் கற்பனை செய்துகொண்டு போனார்கள். மகள் போன பிறகு அத்தை ஊருக்குக் கிளம்பவில்லை. இவனும் கிளம்பச் சொல்லவில்லை. வீட்டில் பீரோ மாதிரி, இருந்த இடத்தில் இருந்தாள். பீரோ கேள்வி கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இன்று விஷயம் கழுத்துவரை வந்திருந்தது. மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், பூங்காவில் அவள் நினைவாக ஒரு பெஞ்சு போடுகிறான். சாய்கிற பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டை. அதில் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. எழுத்துப் பொறிக்கிறவர் இன்று மதியத்துக்குள் வாசகம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் மச்சான் கைவசம் ஒன்று தயாராக இருந்தது: 'அன்பே வாழ்வின் ஒளி.'

அத்தைக்கு அதைக் கேட்டதிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

"என் பொண்ணு வாயிலயா இது வரும்? எதிர் வீட்டுக்காரி படியேறி வந்தா, லைட்டை அணைச்சிட்டு வீட்ல ஆளே இல்லாத மாதிரி உக்காந்திருப்பா. அவ போயி ஒளியைப் பத்திப் பேசினாளாம்! மாப்பிள்ளை, நீங்க வாயைத் திறக்கலன்னா காலத்துக்கும் அந்தப் பொய்யில சாஞ்சுதான் நான் உக்காரணும்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அது பித்தளையில் ஏற்றுகிற மாதிரி வார்த்தை இல்லை. அத்தை இத்தனை மாதம் காத்திருக்கிறாள். இவ்வளவுதானா என்று அவள் முகம் விழுந்துவிட்டால்? அதைப் பார்க்கும் தெம்பு அவனிடம் இல்லை. தவிர, வேலை இருந்தது.

வேலை இதுதான். சந்தைக்கு வரும் சாமான்களை வாங்கி, உழைக்கிறதா உடைகிறதா என்று பார்த்து, பத்திரிகையில் எழுதும் கம்பெனி அது. மாப்பிள்ளை அங்கே சோதனைக்காரன். மிக்சியை மயக்கம் போடும்வரை ஓடவிட்டிருக்கிறான். நாற்காலியில் மூட்டை மூட்டையாக மணல் ஏற்றியிருக்கிறான். இப்போது அவன் தலையில் விழுந்திருந்தது மடக்கு சோலார் பேனல்: புத்தகம் மாதிரி விரித்து வெயிலில் வைத்தால் வெளியிலிருக்கும்போதே போனுக்குச் சார்ஜ் ஏறும்.

வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்க்கும் சோதனை முடிந்துவிட்டது. அதுவும் சும்மா முடியவில்லை. உச்சி வெயிலில், சரியாகச் சார்ஜ் பாய்ந்து ஏற வேண்டிய நேரத்தில், எல்லாப் பேனலும் ஒரே சமயத்தில் செத்துப்போனது. வயரை மாற்றினான். போனை மாற்றினான். தயாரித்தவர்களைத் திட்டி அறிக்கைகூட எழுத ஆரம்பித்துவிட்டான். கடைசியில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் பேனல்கள்மேல் வீட்டிலிருந்த குடைகள் அத்தனையும் வரிசையாக விரிந்திருந்தன. நடுவில் அத்தை.

"என்ன அத்தை இது?"

"பாவம், இந்த வெயில்ல போட்டுட்டுப் போயிட்டீங்களே. கறுத்துப் போயிடாது?"

"அது கறுப்புதான் அத்தை."

"பாத்தீங்களா, நான் வர்றதுக்குள்ள ஆயிடுச்சு."

மிச்சமிருந்தது நடைச் சோதனை. பேனலைப் பையின் பின்பக்கம் மாட்டி, வீட்டிலிருந்து பூங்காவரை போய்த் திரும்ப வேண்டும். வழி முழுக்கப் பேனல்மேல் வெயில் விழ வேண்டும். நடுவில் நிழல் பட்டால் சோதனை செல்லாது, முதலிலிருந்து நடக்க வேண்டும். இந்த விதியை எழுதிய மேலாளர் அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே வெயிலைப் பார்த்தவர், வெயிலில் நடந்தவர் இல்லை. பூங்கா மேற்கே இருந்தது. காலை வெயில் கிழக்கே. போகும்போது வெயில் முதுகில் விழுந்தது, போன் ஜோராகச் சார்ஜ் ஏறியது. திரும்பும்போது வெயில் மூஞ்சியில் அடித்தது, பேனல் இருட்டில் கிடந்தது. நேற்று மாப்பிள்ளை பூங்கா வாசலில் நின்று மேலாளருக்குப் போன் போட்டான்.

"சார், வர்ற வழியில வெயில் முன்னாடி இருக்கு."

"அப்ப முதுகைக் காட்டுங்க."

"முதுகைக் காட்டினா வீடு பின்னாடி போயிடுது சார்."

"பின்னாடியே போங்க."

"பையை நெஞ்சுல மாட்டிக்கட்டுமா?"

"பெட்டியில இருக்கற படத்துல பை எங்க இருக்கு?"

"முதுகுல."

"அப்புறம் என்ன கேள்வி?"

ஆக, நேற்று மாப்பிள்ளை பின்பக்கமாக நடந்து வீடு திரும்பப் பார்த்தான். தெருமுனைத் தபால் பெட்டியில் இடித்து, "மன்னிச்சுக்கங்க அண்ணே" என்று அதனிடம் சொன்னான். அப்புறம் ஒரு மரத்தடி நிழலில் மாட்டிக்கொண்டான். சோதனை போச்சு.

இதைக் கேள்விப்பட்டதும் அத்தை செருப்பை மாட்டினாள். "இன்னிக்கு நான் வர்றேன். நான் முன்னாடி பாத்து நடக்கறேன், நீங்க என்னைப் பாத்துட்டே பின்னாடி நடங்க. குடை எடுத்துக்கட்டா?"

"அத்தை!"

"சரி, சரி."

போகும் வழி சுகமாகப் போயிற்று. பூங்கா வாசலில் திரும்பும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. எதிரெதிரே நிற்பவர்களுக்கு இவர் இடது அவருக்கு வலது. அத்தை "இடது" என்றதும் அவன் சைக்கிள் நிறுத்தத்துக்குள் புகுந்து ஒரு வரிசையையே சாய்த்தான். அதற்குப் பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். போன் பிடித்திருக்கும் கை போன் கை. மற்றது சும்மா கை. இனி இடமும் இல்லை, வலமும் இல்லை.

"போன் கைப் பக்கம் கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம். ஆங். நேரா வாங்க. நாய் ஒண்ணு படுத்திருக்கு, சும்மா கைப் பக்கம் ஒதுங்குங்க. அதுவே எழுந்து போயிடுச்சு, விடுங்க."

நாய் போகவில்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு நடையைப் பார்த்திராததால் பின்னாலேயே வந்தது, மாப்பிள்ளைக்கு அது முன்னால். முடிவெட்டும் கடைக்காரர் கத்திரியோடு வாசலுக்கு வந்தார். பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரும் வந்தார்.

"பாவம் சார், சம்சாரம் போனதுலேர்ந்து இப்படித்தான்" என்றார் கடைக்காரர். "நல்லா நேரா போயிட்டிருந்த மனுஷன்."

"கூட வர்றது யாரு?"

"மாமியார். அந்தம்மாதான் ஓட்டுது."

மாப்பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்டது. போனைப் பார்த்தான். பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு தெருதான். அப்போது அத்தை நின்றாள். அவள் நின்றதால் அவனும் நின்றான்.

"மாப்பிள்ளை, உங்களுக்குப் பின்னாடி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க."

"எந்தப் பக்கம் ஒதுங்கணும்?"

"அவ கடைசியா என்ன சொன்னா?"

"அத்தை, விளையாடாதீங்க. வெயில் போயிடும்."

"போகட்டும். மதியமும் போயிடும். அவன் ஒளியைப் பொறிச்சிடுவான். சொன்னாத்தான் வழி."

கழுத்தை மட்டும் திருப்பினால் பேனல்தான் மறைத்தது. உடம்போடு திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பினால் பேனல் நிழலில் போய்விடும், நடந்த நடை எல்லாம் வீண். பெரிய பெரிய கம்பெனிகளின் அயர்ன் பாக்ஸை எல்லாம் அழவைத்தவன், நட்ட நடுத்தெருவில் அசையாமல் நின்றான். நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"அம்மாவைப் பத்திரமா பாத்துக்கன்னு சொன்னா" என்றான்.

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? சரி. சும்மா கைப் பக்கம் ரெண்டு அடி வாங்க."

வந்தான். கணுக்கால்வரை சேற்றுத் தண்ணீர்.

"அத்தை!"

"பொய் சொன்னா அங்கதான் வழி. அவ என்னைப் பாத்துக்கறதுக்கு உங்களை நம்புவாளா? உங்களைப் பாத்துக்கத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தா."

மாப்பிள்ளை ஈரச் செருப்பை உதறினான். இன்னொன்று தேடினான். "நீங்க வெச்ச குழம்பு மாதிரி யாராலயும்..."

"போன் கைப் பக்கம் ஒரு பெரிய அடி."

இந்த முறை கால் மெத்தென்று இறங்கியது. பக்கத்தில் யாரோ அலறினார்கள். "யோவ்! இப்பத்தான்யா பூசினேன்!" கொத்தனார் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். ஈரச் சிமெண்டில் மாப்பிள்ளையின் செருப்பு, போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக அழகாகப் பதிந்திருந்தது.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க, சோதனை" என்றான் மாப்பிள்ளை.

"எனக்கா உனக்கா?"

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள் அத்தை கொத்தனாரிடம். "இவர் ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னதும் கூட்டிட்டுப் போயிடறேன்."

"சொல்லித் தொலையேன்யா. சிமெண்டு இறுகுது."

மாப்பிள்ளை சுற்றிப் பார்த்தான். முன்னால் மட்டும்தான் பார்க்க முடிந்தது. முன்னால் அத்தை நின்றாள். வெயில் நேராகக் கண்ணில் குத்தியதால் ஒரு கையை நெற்றியில் வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெயிலால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வழி முழுக்க அவள் அப்படித்தான் வந்திருக்கிறாள். குடைகூட இல்லாமல்.

"சின்ன விஷயம் அத்தை" என்றான். "ரொம்பச் சின்னது. கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரியாயிடும்."

"எனக்கு எப்படியாகணும்னு நான் பாத்துக்கறேன்."

அவள் பக்கம் குனிந்தான். பேனல் சாயாமல் பார்த்துக்கொண்டு, அவள் காதில் சொன்னான். மனைவி அன்று கத்திய ராகத்திலேயே, ஆனால் மெதுவாக.

நிமிர்ந்தான். அத்தையின் முகம் விழுகிறதா என்று பார்த்தான். முகம் விழவில்லை. முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் வயிறு. பிறகு எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு சத்தம். அத்தை சிரித்தாள். நிற்க முடியாமல் அவன் பை வாரைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கியதில் அவன் சுழன்றான், பேனல் சுழன்றது, போன் 'டொங்' என்றது, சார்ஜ் நின்றது. கொத்தனார் ஒன்றும் புரியாமல் கூடவே சிரித்தார். நாய் குரைத்தது.

"அவதான்" என்றாள் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு. "அவளேதான். ஒரு எழுத்து மாறல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கிடைச்சுதா?"

"இல்ல அத்தை. வீட்டைத் தலைகீழா கவுத்துட்டேன். இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

அதற்கு அத்தை மறுபடி சிரித்தாள். இந்த முறை செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து. இவனிடமிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சோதித்துப் பார்க்க அவனிடம் விதிமுறை இல்லை. விட்டுவிட்டான்.

"நாளைக்குத் திரும்ப நடக்கணும்" என்றான்.

"நடப்போம். நாளைக்கு நேரா ஓட்டறேன்."

முக்கால்வாசி ஏறியிருந்த போனில் மச்சானை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டு மச்சான் போட்ட சத்தம் கொத்தனாருக்கே கேட்டது. "இதையா? பித்தளையிலயா? நாலு பேர் வந்து உக்கார்ற எடம்மா அது!"

"நாலு பேரும் படிக்கட்டும். உன் ஒளியைத் தூக்கி உன் வீட்ல மாட்டிக்க. ஒரு எழுத்து விட்டே, பெத்த பிள்ளைன்னு பாக்க மாட்டேன். எழுதிக்க." போனை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டான். படியிலிருந்து மேலே பார்த்துச் சொல்வதுபோல் தலையை நிமிர்த்தினான். சொன்னான்.

"அந்த டப்பா மூடியை நான் வர்றதுக்குள்ள தேடி வை. நான் வந்து தேடினா உடனே கிடைச்சிடும், அப்புறம் அசிங்கம் உனக்குத்தான்."