ஐலாவுக்கு ஒரு சாட்சி

வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு உள்ளே வந்த ஒரெஸ்ட், பூட்ஸைக் கழற்றும் முன்பே கைபேசியைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். ஐலா ஹக்கலா என்ற பெயரைக் கண்டதும் சனிக்கிழமைக் காலையின் நிம்மதி அத்தனையும் போயிற்று.

மின்னஞ்சலை அனுப்பியது ஐலா இல்லை. பல திட்டங்களை ஒன்றாக நடத்தும் பெருந்திட்ட மேலாண்மைக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு அனுப்பியிருந்தது. ஐலா அதற்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். தான் செய்ததாக அவள் எழுதியிருப்பது உண்மைதானா என்று அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஒரெஸ்ட் மல்னிச்சுக் சொல்ல வேண்டுமாம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள், கீழே குறிப்பு எழுதக் கொஞ்சம் இடம்.

இந்தச் சான்றிதழ் லேசுப்பட்டதல்ல. பரீட்சை பிறகுதான். அதற்கு முன்னால் இத்தனை வருடம் என்னத்தைக் கிழித்தாய் என்று விவரமாக எழுதித் தர வேண்டும். கூட இருந்தவர்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு அதே தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மூன்று பேர் அதைப் படித்துப் பார்ப்பார்கள். ஒரு சாட்சி ‘இல்லை’ என்றாலும் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், ஒரு வருடத்துக்குத் திறக்க மாட்டார்கள். ஐலாவுக்கு ஒரு வருடம் இல்லை. அவர்கள் இருக்கும் கனடா நகரமான தண்டர் பேயில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான் அது: வட்டார மருத்துவத் திட்டங்களுக்கெல்லாம் தலைமைப் பதவி காலியாகிறது, சான்றிதழ் இருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் டொராண்டோவிலிருந்து யாரோ ஒருவருக்கு.

"யாரு?" என்றாள் மிரெய். அவன் மனைவி. மேசையில் இளஞ்சிவப்பு க்ரீம் பூசிய பெர்சியன் பன்னை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐலா."

"அந்த மகராசியா? உன் ஆஸ்பத்திரியைப் பாதியில புதைச்சாளே, அவளா?"

"அவளேதான். இப்ப அவ குடுமி என் கையில."

சொல்லும்போது அவனுக்கு இனிக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஹெரன் லேக் என்ற சின்ன ஊரில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையம் ஒன்றைக் கட்டும் வேலை ஒரெஸ்டிடம் இருந்தது. அந்த ஊர் நோயாளிகள் பதினான்கு பேர், வாரம் மூன்று நாள், போக மூன்று மணி நேரம் வர மூன்று மணி நேரம், பனியிலும் லாரிகளுக்கு நடுவிலும் தண்டர் பே நகரத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அலைச்சலை ஒழிக்க நான்கு திட்டங்கள் போட்டார்கள். கட்டடம் அதில் ஒன்று. நான்குக்கும் மேலே ஐலா. செப்டம்பரில் அஸ்திவாரம் போட்டார்கள். அக்டோபரில் ஐலா காரை ஓட்டிக்கொண்டு வந்தாள், அந்தச் சிகிச்சைக்கு உயிரான கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைத் தாள்களைக் கேட்டாள், ஊரார் பார்க்க வேலையை நிறுத்தினாள். ஒரெஸ்ட் மூக்கறுபட்டு, மறுமாதமே ராஜினாமா செய்தான். அன்றிலிருந்து பாலங்கள் பழுதுபார்க்கிற ஒரு கம்பெனியில் இருந்துகொண்டு அவள்மேல் கறுவிக்கொண்டிருந்தான்.

என்ன பீற்றியிருக்கிறாள் பார்ப்போம் என்றுதான் படிக்க ஆரம்பித்தான்.

பீற்றல் இருக்கத்தான் செய்தது, ஆனால் அடக்கமான பீற்றல். கட்டடத்தை நிறுத்தியபின் பக்கத்து ஊர் மருத்துவமனையில் சாயங்காலச் சிகிச்சை நேரம் ஒன்றைத் தொடங்கினாள், ஒரு வேன் விட்டாள், முடிந்தவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை செய்யப் பழக்கினாள். பதினான்கு பேரில் பதினோரு பேர் இன்று அந்த நெடுஞ்சாலையை மறந்துவிட்டார்கள். இதெல்லாம் ஒரெஸ்டுக்கும் தெரியும். அடுத்த பத்தியில்தான் அவன் நின்றுவிட்டான்.

‘அந்தக் கட்டடத்தை நான் ஐந்து மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தண்ணீர் தேறாது என்பதற்கான அறிகுறிகள் மே மாதமே இருந்தன. நான் தோண்டிப் பார்க்கவில்லை. ஹெரன் லேக்கில் வெறுமனே கிடக்கும் அஸ்திவாரத்துக்கு நானே பொறுப்பு.’

அவ்வளவுதான். அவன் பெயர் எங்கேயும் இல்லை.

மே மாதம் முதல் பரிசோதனையில் தண்ணீர் தேறவில்லை. அந்தத் தாள் ஒரெஸ்டின் மேசை இழுப்பறையில் இருந்தது. வாராந்தர அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் உண்டு. எல்லாம் சரி என்று அவன் பச்சை போட்டான். இரண்டாவது பரிசோதனையில் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பச்சை போட்டான். இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் ஒரு தடவையாவது செய்திருக்கிற தப்புதான். அதற்காக அது தப்பில்லாமல் போய்விடாது.

‘ஆம்’ என்று அமுக்கினால் தன் தப்பை அவள் தலையில் கட்டுகிறான். ‘இல்லை’ என்று அமுக்கினால் அவள் தலைமைப் பதவியை டொராண்டோக்காரனுக்குத் தாரைவார்க்கிறான். பன்னைக் கையில் எடுத்தவன் கடிக்காமலே கீழே வைத்தான். பிறகு ஐலாவுக்கே போன் போட்டான்.

விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. சௌனா என்ற நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தாள் போலும்.

"ஒரெஸ்டா? அடேயப்பா! நீ உயிரோடதான் இருக்கியா?"

"அந்தக் கடுதாசி வந்துச்சு."

"வரும்னு தெரியும். உன் பேரைக் கொடுத்தது நான்தானே."

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? மத்த மூணு திட்டத்துக்காரங்களும் உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்களே!"

"அதனாலதான் அவங்க வேண்டாம்னேன்."

"மே மாசத் தாள் என்கிட்ட இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"அக்டோபர்ல தெரிஞ்சுச்சு. தேதி போட்டிருந்துச்சே."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க? பெரிய தியாகமா?"

கோடரிச் சத்தம் நின்றது.

"தியாகமாவது மண்ணாவது. கேளு. அந்த ஊர்க் கூடத்துல பதினாலு பேர் முன்னாடி நின்னு கட்டித் தர்றேன்னு சொன்னது யாரு? நான். நீ பச்சை போடப் போட எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. இருபது வாரம் ஒரே பச்சையா எந்தக் கட்டட வேலையாவது போகுமா? எனக்குத் தெரியாதா? ஒரு நாள் காரை எடுத்துட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். வரல. ஏன்னா, வந்தா என்ன தெரியுமோன்னு பயம். நீ மறைச்சது உன் கணக்கு. நான் பார்க்காம இருந்தது என் கணக்கு. என் விண்ணப்பத்துல என் கணக்கைத்தான் எழுதுவேன்."

"இதை எழுதினா அவங்க உங்களைத் தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளட்டும். எழுதாம தேறி நான் என்ன பண்ண? நீ எனக்குச் சலுகை ஒண்ணும் காட்ட வேண்டாம். எழுதியிருக்கிறது நிஜமா இல்லையா, அதை மட்டும் சொல்லு." மறுபடி கோடரி விழுந்தது.

ஒரெஸ்ட் போனை வைத்தான். மூன்று வருடம் அவன் திட்டித் தீர்த்த பெண் இவள். ஊரெல்லாம் தங்கள் வெற்றியை எழுதி அனுப்பும் இடத்தில், தன் வாழ்க்கையின் பெரிய தோல்வியை எழுதி, அதற்குச் சாட்சியாகத் தன்னை வெறுக்கும் ஆளையே தேடிப் பிடித்திருக்கிறாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. இவளுக்குக் கீழே வேலை பார்த்தும் இவளைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

‘ஆம்’ என்பதை அமுக்கினான். பிறகு கீழே எழுதினான்: ‘அவர் எழுதியது முழு உண்மை. அவர் எழுதாத உண்மை ஒன்று உண்டு. மே மாதப் பரிசோதனை முடிவை மறைத்து ஐந்து மாதம் பச்சை என்று அறிக்கை கொடுத்தவன் நான். அவருக்கு அது தெரியும். என் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை.’

மிரெய் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? அடுத்த வருஷம் நீயும் இதே ஆளுங்ககிட்டதான் விண்ணப்பிக்கணும்னு சொன்னே. உன் வாயாலயே ஒத்துக்கிட்டா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாலம் பார்த்துட்டுக் கிடக்கிறேன்." அனுப்பிவிட்டுப் பன்னை எடுத்துக் கடித்தான்.

ஜனவரியில் ஐலா கூப்பிட்டாள். இந்தத் தடவை கோடரிச் சத்தம் இல்லை.

"அந்த மூணு பேரும் தேறிட்டேன்னு சொல்லிட்டாங்க. பரீட்சை மார்ச்ல."

"நீங்க பாஸ் பண்ணாம யாரு பண்ணுவா? வாழ்த்துகள்."

"இரு. முதல்ல நிறுத்தி வெச்சிட்டாங்க, தெரியுமா? நீ ஏதோ எழுதித் தொலைச்சிருக்கே. போன்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க."

"கெடுத்துட்டேனா?"

"ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அந்த ஆளை மறுபடி நம்பி வேலை கொடுப்பீங்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"கொடுப்பேன்னேன்." ஐலா செருமிக்கொண்டாள். "சான்றிதழுக்காகச் சொன்ன பேச்சா அது ஆயிடக் கூடாது பாரு. இன்னும் ரெண்டு ஊர்ல மையம் கட்டணும், ஒரெஸ்ட். எப்ப வர்ற?"