பெரியப்பா எதிர்த்த நாள்

என் மகள் யதுர்ஷாவுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. அவளோ பின்லாந்து மொழி படிக்கப் போனாள். ஒஸ்லோவில் தமிழர் வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், செத்தவீட்டுக்கு வந்த முகத்தோடு பார்ப்பார்கள். என் கணவரின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா அத்தான் பார்ப்பதோடு நிற்கவில்லை.

"லத்தீன் சொல்லைப் பின்லாந்துக்காரன் எப்பிடிக் கதைக்கிறான் எண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை நோர்வேயில இருந்து ஆராயுது. ஆருக்கு லாபம்?" என்று கோயில் வாசலில் வைத்தே கேட்டார். யதுர்ஷா செருப்பைத் தேடினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால், அவளுடைய முனைவர் பட்டத்துக்கான பகிரங்க விவாதத்துக்கு நாள் குறித்ததும், அவள் வேண்டாமென்று தலைப்பாடாக அடித்தும் கேளாமல், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குச் சொல்வது போல எல்லோருக்கும் சொன்னேன். அத்தானுக்கு இரண்டு தரம் சொன்னேன். என் பிள்ளை என்ன கிழித்தாள் என்று வந்து கேட்கட்டும்!

மண்டபம் நிறைந்துவிட்டது. பின்லாந்திலிருந்து வந்த பேராசிரியர் பட்டுச்சேலைகளைக் கண்டு திகைத்துப்போனார். அவரும் இன்னொருவரும்தான் எதிர்ப்பாளர்கள். குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவது அவர்கள் வேலை. இரண்டு மணி நேரம் கேட்டார்கள், என் மகள் அசையவில்லை.

இடைவேளையில் அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, பெரியப்பா பேர் குடுத்திருக்கிறாராம்!"

"என்னத்துக்கு?"

"சபையில இருந்து என்னை எதிர்க்கிறதுக்கு!"

விஷயம் இதுதான். சபையில் யாராவது ஆய்வை எதிர்த்துப் பேச விரும்பினால் இடைவேளைக்குள் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். இந்த நாட்டு வழக்கம் அது. பெரும்பாலும் ஒருவரும் கொடுப்பதில்லை. அத்தான் யோசிக்கவேயில்லை. எங்கள் நிகழ்வுகளில் பெயர் கேட்பது வாழ்த்துரைக்குத்தானே? அவருடைய வாழ்த்துரை இல்லாமல் ஒஸ்லோவில் ஓர் அரங்கேற்றம் முடிந்ததில்லை. மைக்கைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

நான் பாய்ந்து போனேன். "அத்தான், இது வாழ்த்துரை இல்லை. நீங்கள் அவளை எதிர்க்க வேணும். போய்ப் பேரை வெட்டச் சொல்லுங்கோ."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சால்வையைச் சரிசெய்தார். "குடுத்த பேரைத் திருப்பி வாங்கிற பழக்கம் எனக்கில்லை, விமலா. எதிர்க்கத்தானே வேணும்? எதிர்க்கிறன்."

ஊரைக் கூட்டி வைத்ததே நான். அந்த ஊருக்கு முன்னால் இந்த மனிதர் என் பிள்ளையின் இத்தனை வருட உழைப்பைச் சிரிப்பாக்கிவிடப் போகிறார்.

அத்தான் எழுந்தார். வடகோடி ஹம்மர்பெஸ்டின் மீன் தொழிற்சாலையில் பழகிய நோர்வேஜிய மொழியில், மதிப்புக்குரிய தலைவரில் தொடங்கி ஒருவர் விடாமல் வணக்கம் வைத்தார். பிறகு கேட்டார்.

"பின்லாந்து மொழியின் 'அகூட்டி' என்ற பெயரடை லத்தீனிலிருந்து வந்தது, அங்கே அதற்குக் கூர்மையான என்று பொருள் என்றீர்கள். பின்லாந்துக்காரரிடம் கூர்மைக்குச் சொந்தச் சொல் இல்லையா? இருந்தால் இரவல் எதற்கு? இரவல் வாங்கி வாங்கி அந்த மொழி அழியாதா?"

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் அவர் வருடாவருடம் முழங்குவதுதான். ஆனால் பின்லாந்துப் பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"நன்றி, எதிர்ப்பாளர் அவர்களே," என்றாள் யதுர்ஷா. பெரியப்பா என்று சொல்லவில்லை. "கத்தியின் கூர்மைக்கும் நாக்கின் கூர்மைக்கும் அவர்கள் சொந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கத்தியை யாரும் அகூட்டி என்பதில்லை. திடீரென்று வந்த நோய், தள்ளிப்போட முடியாத தேவை, இவைதான் அகூட்டி. வந்த சொல்லுக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். தங்கள் வீட்டு முறையையும் பழக்கினார்கள். பெயர்ச்சொல் எந்த உருபை ஏற்கிறதோ, கூட நிற்கும் பெயரடையும் அதை ஏற்க வேண்டும். 'நோயில்' என்று சொன்னால் அகூட்டியோடும் அந்த 'இல்' ஒட்டும். லத்தீன்காரன் வந்து கேட்டால் தன் பிள்ளையென்று அடையாளம் காணவே சிரமப்படுவான். வாங்கியதை இப்படித் தனதாக்கத் தெரிந்த மொழி அழியாது."

அத்தான் நின்றார். இனி அரை மணி நேரம் பொழிவார் என்று நாங்கள் எல்லோரும் கதிரையில் சாய்ந்துகொண்டோம்.

"விடை போதும்," என்று சொல்லி அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அவள் சித்தியடைந்தாள். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மாலை விருந்தில் வழக்கம் போல முதல் மைக் அத்தானிடம் போனது. அவர் அதை வாங்கினார்.

"இந்த ஊரில எத்தினையோ மேடை ஏறியிருக்கிறன். ஆரும் என்னை இருத்தினதில்லை," என்றார். "இண்டைக்கு இருத்தினது எங்கட பிள்ளை. இனி அவள் கதைக்கட்டும்."

அத்தான் தானாக மைக்கை இன்னொருவர் கையில் கொடுத்ததை ஒஸ்லோத் தமிழர் அன்றைக்குத்தான் கண்டார்கள்.