அபூ ஃபவ்வாஸின் மூன்று லிட்டர்

அபூ ஃபவ்வாஸ் பெண் கேட்கப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார் என்பது கரக் ஊருக்கே தெரியும். முப்பது வருடம் அகபா துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார். ஓய்வு பெற்றபின் இதுதான் வேலை. மீசை இருக்கிறது, குரல் இருக்கிறது, பொன் சரிகை வைத்த கறுப்பு மேலங்கி இருக்கிறது. வேறென்ன வேண்டும்? ஜாஹா எனும் பெண் கேட்கும் குழுக்கள் பதினேழுக்குத் தலைவராகப் போய்ப் பதினேழையும் முடித்துக் கொடுத்திருக்கிறார். அண்ணன் மகன் உபைதாவுக்காகப் போன பதினெட்டாவதுதான் அவர் உயிரை வாங்கியது. உயிரை என்றால் நெஞ்சில் இருப்பதை அல்ல, அதற்கு ஒன்றரைச் சாண் கீழே.

ஜாஹாவில் அறுபது எழுபது ஆண்கள் திரண்டு பெண் வீட்டுக்குப் போவார்கள். பெண் வீட்டார் காப்பி ஊற்றித் தலைவர் கையில் கொடுப்பார்கள். தலைவர் அதைக் குடிக்காமல் எதிரே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்வார். அந்த வீட்டுப் பெரியவர் "கொடுத்தோம், குடியுங்கள்" என்று சொன்னால்தான் கோப்பையில் வாய் படும். அதற்கு முன் தலைவர் எழுந்தால் கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று அர்த்தம். பிறகு அந்த இரண்டு குடும்பங்களும் பேரப்பிள்ளைகள் காலம் வரை சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான்.

உபைதா விரும்பிய பெண் நஷ்மியா. அவளுக்கு அப்பா இல்லை. வளர்த்தவர் பெரியப்பா ஹாஜி சுவைலிம். அவர் ஏற்கெனவே இரண்டு ஜாஹாக்களைத் திருப்பி அனுப்பியவர். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த ஒரு தலைவரின் செருப்பு அடிப்பாகம் தன்னைப் பார்த்ததாம். இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும்போதே தும்மினாராம். பெண்ணைத் தன் இரண்டாவது மகனுக்கு வைத்திருக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. பெரியப்பா மகனைக் கட்டுவது அங்கே வழக்கம்தான். அவருக்குத் தேவை ஒரு சாக்கு. ஏதாவது ஒரு சாக்கு.

நஷ்மியா ஊர் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு நர்ஸ். பத்து நாளுக்கு முன் அபூ ஃபவ்வாஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு, மீசையெல்லாம் தரையைப் பெருக்கும்படி உருண்டு புரண்டு அங்கேதான் போய்ச் சேர்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் கல்.

"மாமா, லாரி ஓட்டுறப்ப தண்ணி குடிப்பீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"குடிச்சா வண்டியை நிறுத்தணுமேம்மா. பாலைவன ரோட்டுல நிறுத்தினா லோடு எப்ப போய்ச் சேருறது?"

"அதான் விஷயம். நீங்க குடிக்கலேன்னா மூளை உடனே கிட்னிக்குச் சேதி அனுப்பும், 'ஒரு சொட்டும் வீணாக்காதே'ன்னு. அது பாவம் ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டுது. நல்ல தண்ணியெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிக் குடுத்துட்டு, கழிவை மட்டும் இத்தூண்டு தண்ணியில கரைச்சு வெளியே தள்ளுது. கரைக்கறதுக்கே தண்ணி இல்லேன்னா? உப்பு படியும். கல்லாகும். முப்பது வருஷம் கிட்னியைப் பட்டினி போட்டிருக்கீங்க."

"நூத்தியெண்பது லிட்டரா? என் லாரி டீசல் டேங்க்ல பாதி!" அபூ ஃபவ்வாஸுக்குத் தன் விலா மேல் புது மரியாதையே வந்துவிட்டது. "ரெண்டு துண்டு சதை இவ்வளவு வேலையா பாக்குது? என் பசங்க ரெண்டு பேரும் சேந்து அதுல கால்வாசி பாக்கமாட்டானுங்க."

"தினமும் மூணு லிட்டர் குடிங்க. நாள் முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சு. வைக்கோல் நிறத்துல வந்தா எல்லாம் சரி. கட்டன் டீ மாதிரி வந்தா என் முன்னாடி வராதீங்க."

பெண் என்றால் இவளல்லவா பெண் என்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். உபைதாவை விட அவருக்குத்தான் இந்தச் சம்பந்தத்தில் ஆசை அதிகம். 'மூணு லிட்டர்' என்பதும் மனதில் பதிந்தது. 'பிரிச்சுப் பிரிச்சு' என்பதுதான் பதியவில்லை.

ஜாஹா வெள்ளிக்கிழமை மாலை. காலையெல்லாம் மேலங்கிக்கு இஸ்திரி, மீசைக்குக் கத்தரி, கண்ணாடி முன் பேச்சு ஒத்திகை என்று போனது. மதியத் தொழுகை முடிந்து வந்தபிறகுதான் இன்றைக்கு ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை என்பது உறைத்தது. மூன்று லிட்டரையும் ஒரே மூச்சில் இறக்கினார். அது மடத்தனம் என்று நமக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல ஆளில்லை. மனைவி உம்மு ஃபவ்வாஸ் பார்ஸ்லித் தழையைக் கொதிக்க வைத்த தண்ணீரை வேறு ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். கல்லைக் கரைக்குமாம்.

"இந்தா மனுஷா, இதையும் குடிச்சுட்டுப் போ. அங்க போய் வலியில கத்தி மானத்தை வாங்காதே."

"ஏற்கெனவே தொண்டை வரைக்கும் நிக்குதுடி."

"அப்ப தொண்டைக்கு மேல எடம் இருக்குல்ல? குடி."

குடித்தார்.

இத்தனை வருடம் 'பிடித்து வை, பிடித்து வை' என்று சேதி அனுப்பிக்கொண்டிருந்த மூளை இந்த வெள்ளத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பிடித்து வைக்கச் சொல்ல ஆளில்லாத இரண்டு சிறுநீரகங்களும் மதகைத் திறந்துவிட்டன. சரியாக ஹாஜி சுவைலிம் வீட்டுக் கூடத்தில், அறுபது பேர் நடுவில், காப்பிக் கோப்பையைக் குடிக்காமல் எதிரே வைத்த நேரத்தில் அபூ ஃபவ்வாஸுக்கு முதல் தகவல் வந்து சேர்ந்தது.

அவர் பேச்சை மூன்றே நிமிடத்தில் முடித்தார். வழக்கமாக அரை மணி நேரம் பேசுகிறவர். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹாஜி பதில் பேச ஆரம்பித்தார். இறைவனைப் புகழ்ந்தார். நபியை வாழ்த்தினார். தன் ஏழாம் பாட்டனாரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார். நான்காம் பாட்டனாரிடம் வந்தபோது அபூ ஃபவ்வாஸ் ஒரு முழங்காலை இன்னொன்றின்மேல் போட்டார். செருப்பு ஞாபகம் வந்தது, பதறி எடுத்தார். மூன்றாம் பாட்டனார் தோண்டிய கிணற்றைப் பற்றி ஹாஜி விவரித்தார். எப்படிப்பட்ட கிணறு! அள்ள அள்ள வருமாம். பொங்கி வழியுமாம்.

"ஹாஜி, கிணத்தைப் பத்தி ஊருக்கே தெரியும்," என்றார் அபூ ஃபவ்வாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உமக்கு என்ன அவசரம்? வண்டி டபுள் பார்க்கிங்ல நிக்குதா?"

கூடம் சிரித்தது. அபூ ஃபவ்வாஸும் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் ஆபத்து என்று உடனே தெரிந்து நிறுத்தினார். நெற்றியில் வியர்த்தது. வியர்வையாகவாவது கொஞ்சம் போகட்டும் என்று சந்தோஷப்பட்டார், ஆனால் அந்தக் கணக்கெல்லாம் கீழே எடுபடவில்லை. கோப்பையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சுவரோரம் உபைதா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். சித்தப்பாவின் தவிப்பைப் பார்த்து, பெண் வீட்டார் ஏதோ அவமானப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்திருந்தான்.

கிணறு முடிந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டி வந்தது. மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்? அபூ ஃபவ்வாஸ் எழுந்துவிட்டார்.

கூடத்தில் மூச்சுச் சத்தம் நின்றது. காப்பி தொடாமல் கிடக்கிறது, தலைவர் எழுந்துவிட்டார். எல்லாம் முடிந்தது. உபைதா கண்ணை மூடிக்கொண்டான். பதினேழு ஜாஹாக்களின் பெருமையும் காற்றில் போனது என்று அபூ ஃபவ்வாஸுக்கே புரிந்தது. அழுகை வந்தது. அதுவும் தண்ணீர்தானே, வரட்டும் என்று விட்டார்.

அப்போது ஹாஜியும் எழுந்தார். "நாங்க ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வர்றோம்!" என்றார். பெரியவர்கள் தனியாகப் பேசப் போவது வழக்கத்தில் உள்ளதுதான். அறுபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

நடைக்கு வந்ததும் ஹாஜி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது மனிதர் வேட்டைநாய் போல ஓடினார்.

"யோவ் ஹாஜி! எங்க ஓடுறீரு?"

"என் வீட்டுல நான் எங்க வேணா ஓடுவேன்யா! நீர் ஏன் பின்னாடி வர்றீரு?"

நடையின் கடைசியில் கழிப்பறை. கதவுக்கு முன்னால், இரண்டு நிலைக்காலிலும் கை வைத்து மறித்துக்கொண்டு நஷ்மியா நின்றாள். பெண்கள் பக்கத்துக் கதவிடுக்கில் நின்று முழுப் பேச்சையும் பார்த்துக்கொண்டிருந்தவள். நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே விஷயம் சொல்லக்கூடியவள்.

"பெரியப்பா, சிறுநீர் பிரியற மாத்திரையைக் காலையில போடச் சொன்னேன். எப்ப போட்டீங்க?"

"மறந்துட்டேன்மா. மத்தியானம் போட்டேன். வழி விடு."

"மாமா, நீங்க?"

"மூணு லிட்டரையும் மத்தியானம்தான்," என்றார் அபூ ஃபவ்வாஸ் தலையைக் குனிந்துகொண்டு. "பார்ஸ்லித் தண்ணி தனி."

"நல்லா இருக்கு. ஒருத்தர் உப்பையும் தண்ணியையும் விரட்ட மாத்திரை போட்டிருக்கீங்க, இன்னொருத்தர் குடம் குடமா ஊத்தியிருக்கீங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து என் கல்யாணத்தைப் பேசுறீங்க." அவள் கையை எடுக்கவில்லை. "பெரியப்பா, சரின்னு சொல்லுங்க. கதவைத் திறக்கறேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

ஹாஜி ஒற்றைக் காலில் நின்றார். மறு காலுக்கு மாறினார். பிறகு எதிர்பாராமல் அவர் முகம் கோணியது.

"உபைதா அகபாவுல வேலை பாக்குறான். நீ போயிருவே. என் ரத்தத்துல எந்த உப்பு ஏறிச்சு, எது இறங்கிச்சுன்னு யாரு பாப்பா? மாத்திரையை மாத்திப் போட்டா யாரு திட்டுவா? ஊர்ல என்னென்னமோ பேசுறானுங்க. என் பையனுக்கா உன்னைக் கட்டி வைப்பேன்? அவன் ஒரு தடியன். எனக்குத்தாம்மா நீ வேணும்." ஹாஜியின் மீசை நனைந்தது. "அதுக்குத்தான் ஏழு பாட்டனாரையும் கூப்பிட்டேன். பேசப் பேசப் பொழுது போயிரும், அவனுங்களும் எழுந்து போயிருவானுங்கன்னு பார்த்தேன்."

நஷ்மியாவின் கைகள் தானாக இறங்கின. பிறகு ஒதுங்கிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்க பெரியப்பா. சரின்னு சொல்ல வேண்டாம். போங்க."

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை ஓடு பளபளத்தது. அபூ ஃபவ்வாஸ் வாழ்க்கையில் அதைவிட அழகான எதையும் பார்த்ததில்லை. ஹாஜி உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்தவர் திரும்பினார். கூடத்தைப் பார்த்து, ஏழு தலைமுறைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்:

"கொடுத்தோம்! நஷ்மியாவை உபைதாவுக்குக் கொடுத்தோம்! காப்பியைக் குடிங்கய்யா!"

உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டார்.

பெண்கள் பக்கம் குலவை வெடித்தது. நஷ்மியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எது என்று அவளுக்கே தெரியாது. கூடத்திலிருந்து உபைதா கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். தலைவர் குடிக்காமல் சம்பந்தம் உறுதியாகாது.

"சித்தப்பா, குடிங்க!"

இரண்டு மிடறு காப்பிதான். அபூ ஃபவ்வாஸுக்கு அது செங்கடலாகத் தெரிந்தது. குடித்தார். பிறகு கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. வயதானவர்களுக்கு அவசரம் வேறு, ஆரம்பம் வேறு.

"மகளே," என்று கடைசியில் ஹாஜியின் குரல் வந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து என்னைப் பாப்பியா?"

"வர்றேன் பெரியப்பா."

"அகபாலேருந்து தூரமாச்சே. பஸ் கிடைக்குமா? யாரு கூட்டிட்டு வருவா?"

"நான் கூட்டிட்டு வர்றேன்!" என்று அலறினார் அபூ ஃபவ்வாஸ். "வாராவாரம் நானே போய் அழைச்சிட்டு வர்றேன்! திறய்யா!"

உள்ளே குழாய் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மழையிலயும்?"

"புயல்லயும்!"

"ஆண்டவன் மேல சத்தியம் பண்ணும்."

அபூ ஃபவ்வாஸ் சத்தியம் பண்ணினார். தாழ்ப்பாள் விலகியது.