பாடாத பாட்டுப்பெட்டி

கண்ணாடிக்காரரின் பாட்டுப்பெட்டி நின்றுபோனது, அவர் பட்டறையில் ஒரு குளியலறைக் கண்ணாடிக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தபோது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாதனம். சட்டைப் பைக்குள் கிடக்கும்; இரண்டு ஒயர்கள் காதுக்குப் போகும். சாணைச் சக்கரத்தின் தண்ணீர் தெறித்து உள்ளே இறங்கியதில், பாடகர் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே கடைத்தெரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். அவர் பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "பேட்டரி உப்பிப்போச்சுண்ணே. சரி பண்ணலாம். இல்லன்னா புதுசே வாங்கிடலாம்" என்றார்.

"எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான்."

இப்படிச் சொன்னால் மனிதன் எப்படி முடிவெடுப்பான்? "யோசிச்சுச் சொல்றேன்" என்று பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பழக்கதோஷம், ஒயர்களையும் காதில் செருகிக்கொண்டார்.

அதில் ஒரு சௌகரியம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. காதில் ஒயர் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பட்டறை முதலாளிகூட வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். பெட்டி பாடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைப்பவள். தைக்கும்போது அவளுக்குப் பேச வேண்டும்; கேட்க ஆள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணவர் பாட்டில் மூழ்கிக் கிடக்கிறார் என்ற தைரியத்தில், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினாள். அவருக்கு இத்தனை வருடம் தெரியாத விஷயங்களெல்லாம் தெரியவந்தன. அவர் மெல்லும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. அவருடைய அக்கா வாயைத் திறந்தால் நெருப்பு, அதற்கு விசிறி இவர். கல்யாணத்துக்கு முன் முதன்முதலாக அவளைப் பார்க்க வந்தபோது போட்டிருந்த சட்டையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் தலையை மெல்ல ஆட்டியபடி எல்லாவற்றையும் கேட்டார். ஆட்டினால்தானே பாட்டு கேட்பது போல இருக்கும்? ரிப்பேரா புதுசா என்ற யோசனை அப்படியே ஆறிப்போனது.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தங்கைக்கு போன் போட்டாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"மார்ல ஒரு கட்டிடி. டாக்டரம்மா ஊசியால உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. வியாழக்கிழமை வரச் சொன்னாங்க... வேணாம், நான் தனியாவே போய்க்கறேன்... அவர்கிட்டயா? நல்லாருக்கே! பல்லு பிடுங்கப் போன இடத்துலயே மயக்கம் போட்டு விழுந்த மனுஷன்டி அவர். இங்கதான் உக்காந்திருக்கார். பாட்டு கேக்கறார்."

கவளம் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. தலையாட்ட மறந்தது நினைவுக்கு வர, ஆட்டினார். அவள் ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினாள்.

அதற்குப் பிறகு அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பேசலாமென்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லப் போனால் சட்டை வரைக்கும் போக வேண்டியிருக்கும். பட்டறையில் குறுக்கே வெட்ட வேண்டிய கண்ணாடியை நெடுக்கே வெட்டினார். முதலாளி திட்டினார், காதில் ஒயர் இருந்ததால் சுருக்கமாகவே திட்டினார்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, அவளுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவின் அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒயர்களைக் கழற்றிப் பையில் திணித்திருந்தார். அவள் வந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"நீ என்ன பண்ற?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தங்கச்சி சொல்லிட்டாளா?"

"இல்ல. நீதான் சொன்ன."

"நானா?"

"பாட்டுப்பெட்டி கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு."

அவள் எதிர்ச்சுவரையே பார்த்தாள். இத்தனை நாள் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. நேரம் பிடித்தது. சரக்கு அதிகம்.

"அப்போ உங்க அக்காவைப் பத்திச் சொன்னது?"

"கேட்டுச்சு."

"அந்தச் சட்டை?"

"அதுவும்தான்."

"சரி. ரெண்டும் உண்மைதானே" என்றவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கூப்பிடும் வரை விடவில்லை.

வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். மறுபடி பெருத்தால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம் என்றும், எப்படி எடுப்பது என்றும் விளக்கினார். அந்த விளக்கத்தின் நடுவில் நர்ஸம்மா தண்ணீர் கொண்டுவந்து, நோயாளியைத் தாண்டிப் போய் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் அவள் விடுவிடுவென்று கடைத்தெருவுக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

"யோசிச்சாச்சாண்ணே?" என்றார் ரிப்பேர்காரர்.

"நான் யோசிச்சாச்சு" என்றாள் அவள். "பழசையே சரி பண்ணுங்க."

"புதுசுல சத்தம் இன்னும் நல்லா கேக்கும்க்கா."

"இதுல பாடறப்போ ஒரு சிவப்பு லைட்டு எரியுமே, புதுசுல அது உண்டா?"

"அதெல்லாம் இப்ப யாரு வைக்கறாங்க?"

"அப்போ இதுதான் வேணும். பாட்டு முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. லைட்டு எரியணும்."

ரிப்பேர்காரர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

இப்போது பெட்டி பைக்குள் இருப்பதில்லை. சட்டைக்கு வெளியே, லைட் தெரியும்படி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். உடம்புக்கு ஏதாவது என்றால் அவள் தோளைத் தட்டி, ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். அக்கா விஷயத்துக்கு மட்டும் தட்டுவதில்லை. லைட் எரிகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.