ஒரே வேனில் வந்த ஐந்து பேர்

1

இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை அல்ல. கேட்டு வாங்கப் பார்த்தார்கள், கொடுக்க முடியாமல் போனது.

எங்கள் நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு குழு கூடுகிறது. காவல் நிலையத்து ஏட்டு, நன்னடத்தை அலுவலர், வீட்டுவசதி மேலாளர், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்காரர், போதை மீட்பு மருத்துவமனையின் நர்ஸ் என்று ஐந்து பேர். சிறைக்குப் போய் வந்தவன் மறுபடியும் திருடி மறுபடியும் உள்ளே போகாமல் இருக்க ஐந்து அலுவலகமும் கை கோத்து வேலை செய்வது என்று ஏற்பாடு. அதற்கு முன்பு அவரவர் தனித்தனியாக வேலை செய்தார்கள். ஆளும் தனித்தனியாக எல்லோருக்கும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆண்டு மலருக்கு ஒரு நல்ல கதையா எழுதிக் குடுங்க சார். உண்மையா இருந்தா இன்னும் நல்லது" என்றார் வீட்டுவசதி மேலாளர்.

பல்லி என்று பெயர் வாங்கிய ஒரு திருடனின் கதையைத் தந்தார்கள். அப்போது அது நல்ல கதையாகத்தான் இருந்தது. நான் பாதி எழுதுவதற்குள் கெட்டுப்போனது. "அப்ப வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே எல்லோரும் கைவிட்டவனை நானும் பாதிப் பக்கத்தில் விட்டுவிட்டு வருவதா? ஆகவே மலருக்கு ஆகாத கதையை உங்கள் தலையில் கட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "சிறையின் பெரிய இரும்புக் கதவு திறந்தது. வெளியே வந்தவன் வானத்தை நிமிர்ந்து

வேண்டாம். ஆட்களை விடுவிப்பது பெரிய கதவு வழியாக அல்ல. சமையல்கூடத்தை ஒட்டி, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பல்லி வானத்தையெல்லாம் பார்க்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டான். அவனே சொன்னது.

இரண்டாம் தொடக்கம்: "பல்லி என்பது காவல் நிலையம் வைத்த பெயர். கழிவுநீர்க் குழாயைப் பிடித்து மூன்றாம் மாடிவரை ஏறி, குளியலறைச் சன்னல் வழியாக

[இப்படித் தொடங்கினால் அவன் ஏறும் அழகை நீங்கள் ரசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் ரசித்தேன், அதனால்தான் நிறுத்தினேன். அவன் இறங்கிய வீடு ஒன்றில் ஒரு பெண் இன்றுவரை குளியலறைச் சன்னலைத் திறப்பதில்லை. அதையும் சொல்லாமல் இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது.]

மூன்றாம் தொடக்கம் நன்னடத்தை அலுவலரிடமிருந்து. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அலுவலருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். சிறையிலிருந்து வந்தவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. முழங்கால் வலி உண்டு. (முதல் வரைவில் இந்த வலியை நான்தான் கொடுத்தேன், உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வரட்டும் என்று. பிறகு நேரில் பார்த்தால் மனுஷி நிஜமாகவே நொண்டிக்கொண்டு வருகிறார். சங்கடமாகிவிட்டது.)

பல்லியை அவனுடைய அக்கா வீட்டில் தங்கவைக்கப் பேசி முடித்தது இவர்தான். அக்கா ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். தையல் வேலை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். கீழே வீட்டுக்காரரும் அவர் குடும்பமும், படுத்த படுக்கையாக இருந்த அவர் அம்மாவும். தம்பி இத்தனை வருடம் எங்கே இருந்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் "கப்பல்ல வேலை" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலை பல்லியின் தலையில் விழுந்தது. வீட்டுக்காரர் கடலைப் பார்த்ததே இல்லை, கடல் என்றால் அவருக்கு உயிர். மாலையில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்.

"கப்பல்ல எப்படிப்பா தூங்குவீங்க?"

பல்லி தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "ஒண்ணு மேல ஒண்ணா படுக்கை இருக்கும்ண்ணே. திரும்பிப் படுத்தா செவுரு இடிக்கும்."

"சாப்பாடு?"

"மணி அடிச்சாத்தான். தினமும் அதேதான்."

"எறங்கி ஓடிடலாம்னு தோணாது?"

"தோணும்ண்ணே. எங்க ஓடுறது? நாலு பக்கமும் அதுதானே."

வீட்டுக்காரர் நெக்குருகிப்போய் உள்ளே சென்று அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்வார். அந்த அம்மாள் பகல் முழுவதும் அதற்காகவே காத்திருப்பாளாம்.

வேலைவாய்ப்பு அலுவலகம் அவனை மருத்துவமனைப் போர்வைகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டது. நீராவி பட்டுக் கை வெந்தது. போனான். நர்ஸ் பரிசோதித்தாள், போதை இல்லை. ஏட்டு சீருடை இல்லாமல் சாதாரண உடையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. பெரியவனான பிறகு அவன் இவ்வளவு காலம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததே இல்லை. அலுவலர் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

4

குழு ஒன்றாகக் கூடினாலும் வீட்டுக்கு மட்டும் ஒவ்வொருவராகத்தான் போனார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு டீ போட்டாள். ஒரு நாள் அலுவலர் போய் உட்கார்ந்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நேத்து நர்ஸம்மா கேட்டதையேதான் நீங்களும் கேக்குறீங்க. நாளைக்கு ஏட்டையா வந்து இதையே கேப்பாரு. நான் எப்பத்தான் தைக்கிறது? எல்லாரும் ஒண்ணா வந்து ஒரே தடவையா கேட்டுட்டுப் போங்களேன்!"

அலுப்பில் சொன்ன வார்த்தை. அலுவலருக்குச் சுருக்கென்று பட்டது. நியாயமாகவும் பட்டது. அடுத்த கூட்டத்தில் எடுத்து வைத்தார். வண்டி நிறுத்தும் இடத்துக்கே சண்டை போட்டுக்கொள்ளும் குழு, முதல்முறையாக ஒரே குரலில் ஒத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை போவோம், அவனுக்குக் கூலி போகாது. ஒரே வண்டியில் போவோம், மேடத்துக்குக் கால் வலி. நகராட்சி ஜீப் பழுதாகிக் கிடந்தது.

"அதுக்கென்ன, நம்ம ஸ்டேஷன் வேன் இருக்கே" என்றார் ஏட்டு.

[ஒரு வரைவில் இந்த இடத்தில் ஏட்டை எச்சரிக்க வைத்தேன்: "வேனா? தெருவே பாக்குமே மேடம்." படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து பேரும் நல்லவர்கள். ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை எவ்வளவோ சுலபமாக வந்திருக்கும்.]

5

தனித்தனியாக வந்தவரை அவர்கள் யாரோ எவரோ. நர்ஸைச் சொந்தக்காரப் பெண் என்றும், அலுவலரைத் துணி தைக்கக் கொடுக்க வருகிற அம்மா என்றும் தெரு நினைத்திருந்தது.

அந்த ஞாயிறு காலை, தெரு மொத்தமும் வீட்டில் இருக்கிற நேரத்தில், கூரையில் விளக்கு வைத்த போலீஸ் வேன் வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கி வரிசையாக மாடியேறினார்கள். குழுவோடு போகிறோமே என்று ஏட்டு சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார்.

கதவைத் திறந்த அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லாரும் ஒண்ணா வந்துட்டோம்மா" என்றார் அலுவலர் சிரித்துக்கொண்டே.

அக்கா அவர் தோளுக்கு மேலாக எதிர்வீட்டுச் சன்னல்களைப் பார்த்தாள். "உள்ள வாங்க மேடம். சீக்கிரம் உள்ள வாங்க."

சந்திப்பு அருமையாக நடந்தது. ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு தடவைதான் கேட்கப்பட்டது. வேலையை நிரந்தரமாக்கப் பேசுகிறேன் என்றார் வேலைவாய்ப்புக்காரர். பல்லி தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னான். கூச்சம் என்று நினைத்தார் அலுவலர்.

கீழே வந்தபோது வேன் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "என்ன ஏட்டையா, ஏதாவது பிரச்சனையா?"

ஏட்டு அடுத்தவர் விஷயத்தை வெளியே விடாதவர். "ஒண்ணுமில்ல சார். சும்மா ஒரு விசாரணை" என்றார். அதைவிட மோசமான ஒரு பதிலை நான் யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

மறுநாள் மாலை, எப்போதும் கூப்பிட்டு அனுப்பும் வீட்டுக்காரர் தானே மாடியேறி வந்தார். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது எந்தக் கப்பல்ப்பா?"

பல்லி உண்மையை ஒத்துக்கொண்டான்.

அக்காவும் மகளும் இருக்கலாம், அவன் இருக்கக் கூடாது என்று முடிவானது. பையை எடுத்துக்கொண்டு அவன் இறங்கும்போது அக்கா படியில் நின்று அழுதாள். "நான்தான்டா எல்லாரையும் ஒண்ணா வரச் சொன்னேன். என் வாய்தான்டா."

"விடுக்கா. மெஷினைத் தூக்கிக்கிட்டு நீ எங்க அலைவ? நீ இரு."

6

அலுவலர் வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சினார்.

"திருடன்னு முதல்லயே சொல்லியிருந்தா ஒருவேளை யோசிச்சிருப்பேன் மேடம்."

(யோசித்திருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.)

"இத்தனை நாளா என்னை உக்காரவெச்சு ஏமாத்திட்டான். எங்கம்மா இன்னும் கேக்குறாங்க, கப்பல்காரத் தம்பி எங்கன்னு. நான் என்னத்தைச் சொல்றது?"

"அவன் சொன்னதுல தண்ணி ஒண்ணுதாங்க பொய். மத்ததெல்லாம் நிஜம்."

கேட்ட கதைகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார் என்று அலுவலருக்குத் தெரிந்தது. அவர் கண் கலங்கியது. ஆனாலும் "முடியாது மேடம்" என்றுதான் சொன்னார்.

["சரி, வரச் சொல்லுங்க" என்று அவர் சொல்வதாக நான் எழுதிய பக்கம் இப்போதும் மேசையில் கிடக்கிறது. படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வயதுக்கு வந்த பெண்கள் அவருக்கு இரண்டு பேர். குளியலறைச் சன்னல் அவர் வீட்டிலும் உண்டு.]

பல்லி இப்போது சலவைக்கூடத்தில், அழுக்குப் போர்வை மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கிறான். காவலாளி பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். சலவைக்கூட மேலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டுவசதி விடுதியில் இடம் இல்லை. குழு கவலையோடு கூடிக் கவலையோடு கலைகிறது. பழைய கூட்டாளி மட்டும் விடாமல் ஃபோன் செய்கிறான்: "ரூம் இருக்கு, வாடா. சும்மா தங்கிக்க."

அங்கே யாரும் சும்மா தங்க முடியாது. அந்த அறையில் தங்கிய ஒவ்வொரு முறையும் அவன் ஏதோ ஒரு குழாயில் ஏறியிருக்கிறான்.

"இப்படி எத்தனை நாளைக்கு மேடம் முடியும்?" என்று ஒரு நாள் பல்லி அலுவலரிடம் கேட்டான். "அவன் ஃபோன் பண்றப்பல்லாம் எடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். எடுத்துடுறேன்."

அன்று அலுவலர் வீட்டுக்குப் போய், வேனில் சிரித்துப் பேசிக்கொண்டு போனதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனார்.

7

மலருக்கான முடிவு: "இன்று அவர் கைநிறையச் சம்பாதித்து, தலை நிமிர்ந்து

மன்னிக்கவும்.

இன்னொரு முடிவு: மழையில் நனைந்த குழாய். மூன்றாம் மாடி. வயதாகிவிட்டது, பிடி முன்போல் இல்லை. கை வழுக்கி

இல்லை. இதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இன்றுவரை நடந்தது இவ்வளவுதான். அலுவலர் தெருத்தெருவாக வாடகைக்கு ஓர் அறை தேடுகிறார். வேனில் அல்ல, தனியாக, நொண்டிக்கொண்டு நடந்து. யாருக்கு என்று கேட்கிறார்கள், சொல்கிறார். என்ன வேலை என்று கேட்கிறார்கள், சொல்கிறார். மூன்றாவது கேள்வியில் கதவு சாத்திக்கொள்கிறது. பொய் சொல்ல அவர் தயாராக இல்லை. ஒரு கப்பல் கவிழ்ந்ததே போதும் என்கிறார்.

இன்று மாலை அவர் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். உங்கள் வீட்டில் மாடி அறை காலியாக இருப்பதாக யாரோ சொன்னார்களாம். [நான்தான் சொன்னேன்.] படியேறி நின்று, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மணியை அழுத்துகிறார். நீங்கள் திறக்கிறீர்கள். யாருக்கு என்று கேட்கிறீர்கள். என்ன வேலை என்று கேட்கிறீர்கள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாததால், அதையும் கேட்கிறீர்கள்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு?"

"ஜெயில்ல இருந்தாருங்க."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கதவு உங்கள் கையில் இருக்கிறது. அவர் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.