முப்பத்தொரு பேர் மூடிய கண்கள்

காலையிலிருந்து ஆசிரியைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மணிக்குள் அறிக்கை தலைமையாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும். தன் யோசனையைத் தானே கவனிக்கப் பிள்ளைகளைப் பழக்கும் அவளுடைய முறை எல்லா வகுப்புகளுக்கும் போகுமா, இத்தோடு நிற்குமா என்பது அதைப் பொறுத்தது. மூன்று வருட உழைப்பு.

உடைந்த குடையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பது பிள்ளைகளுக்குக் கொடுத்த கேள்வி. பக்கத்திலேயே, அந்த யோசனை எப்படி வந்தது என்றும் எழுத வேண்டும். முப்பத்து நான்கு தாள்கள். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறீங்க?" என்றார் கணக்கு வாத்தியார்.

"'கண்ணை மூடினேன், படம்போலத் தெரிந்தது.' முப்பத்தொரு தாள்ல இதே வரி."

"அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கண்ணா?" சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை எவளோ இதே வரியை எழுதினதைப் பாராட்டி சுவத்துல ஒட்டினது நீங்கதானே?"

மீதி மூன்றில் இரண்டு வெற்றுத்தாள். ஒன்று, வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்தவளுடையது. 'டீச்சருக்கு எது பிடிக்கும் என்று யோசித்தேன். சுவரைப் பார்த்தேன். அப்புறம் எழுதவே தோன்றவில்லை.' நேற்றே அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'திமிர்' என்றும் எழுதியிருந்தாள்.

வகுப்புக்குப் போய் முதல் வேலையாகச் சுவரில் இருந்த தாளைப் பிய்த்தாள்.

வாயாடி எழுந்து நின்றாள். "திட்டறதுன்னா வெளிய கூப்பிட்டுத் திட்டுங்க டீச்சர்."

"திட்ட வரலடி. கண்ணை மூடினா படம் நிஜமா யாருக்குத் தெரிஞ்சுது?"

"நான் மூடவே இல்ல டீச்சர்" என்றாள் முன்வரிசைக்காரி.

"நானும் டீச்சர்."

"நானும்!"

வகுப்பே நானும் நானும் என்றது. ஆசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதையும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் சொல்கிறார்களோ?

பன்னிரண்டே முக்காலுக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதினாள்: 'பிள்ளைகள் தங்கள் யோசனையைக் கவனிக்கவில்லை. என் முகத்தைக் கவனித்தார்கள்.'

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை மேலிடத்துக்கு அனுப்பினா உங்க திட்டம் அம்போதாம்மா."

"தெரியும் சார்."

அறைக்குத் திரும்பியும் உட்கார முடியவில்லை. வாயாடியின் தாளை எடுத்து, 'திமிர்' என்ற சொல்லை அடிக்கத் தொடங்கினாள். தாள் ஓட்டையான பிறகும் பேனா நிற்கவில்லை.